வேர் எவ்வளவு? எந்த ஆழத்தில்?

நெற்பயிரின் உயரத்தை அளக்க ஓர் அளவுகோல் போதும். தூர்களை எண்ணக் கைவிரல்கள் போதும். ஆனால் அதே பயிரின் மற்றொரு பகுதி மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. அதன் நீளம் எவ்வளவு? மேல் மண்ணில் எத்தனை பங்கு, அடி மண்ணில் எத்தனை பங்கு?

பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றலாம். பிடுங்கினால் கையில் வருபவை தடித்த வேர்கள் மட்டுமே. மயிரிழை போன்ற நுண்வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். நீரையும் உப்புக்களையும் உறிஞ்சும் வேலையைப் பெரும்பாலும் செய்பவை அந்த நுண்வேர்களே. ஆகவே பிடுங்கிய செடியைக் கொண்டு வேரைக் கணக்கிடுவது, வலையில் தங்கிய பெரிய மீன்களை மட்டும் எண்ணிவிட்டுக் கடலில் உள்ள மீன் இவ்வளவுதான் என்று சொல்வதைப் போன்றது.

இது தாவரவியல் பாடமாயிற்றே, இதில் இயற்பியல் ஆசிரியருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அதன் சிறு மாதிரியிலிருந்து மதிப்பிடுவது இயற்பியலின் அன்றாட வேலை. வேர்க் கணக்கில் நிகழ்தகவு, மடக்கை, கதிரியக்கம் மூன்றுமே வந்து நிற்பதைச் சற்று நேரத்தில் காண்பீர்கள்.

கடலூர் துறைமுகச் சந்திப்பிலிருந்து சிதம்பரம் வரை ரயிலில் சென்றவர்களுக்கு இப்பகுதியின் மண் ஒரே மாதிரி இல்லை என்பது தெரிந்திருக்கும். கடலோரமாக மணலும் சவுக்குத் தோப்புகளும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று தெற்கே செல்லச் செல்ல, வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் களிமண், அதில் நெல்வயல்கள். மேற்கே பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் திரும்பினால் செம்மண், முந்திரி, பலா. அந்தச் செம்மண்ணுக்கு அடியில் இருக்கும் பாறைக்குப் புவியியலார் வைத்திருக்கும் பெயரே ‘கடலூர் மணற்கல்’ என்பதாகும். நம் ஊரின் பெயர் பாறையியல் நூல்களில் இப்படி இடம் பெற்றிருப்பது பலருக்குத் தெரியாது.

மூன்று மண். மூன்றிலும் வேர் மூன்று விதமாக இறங்குகிறது. இதைத் தெரிந்துகொண்டு ஆவதென்ன? ஓர் உதாரணம் சொல்கிறேன்.

உளுந்துக்கு எத்தனை நாள் தண்ணீர்?

சிதம்பரம் வட்டாரத்தில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நெல் நிற்கும்போதே, ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுவடை முடிந்ததும் நெல் தாளுக்கு இடையில் உளுந்து முளைத்து நிற்கும். அதற்குப் பாசனம் பெரும்பாலும் கிடையாது. மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரமும் பனியுமே அதன் முதலீடு. மாசி வெயிலில் களிமண் மேலிருந்து காய்ந்துகொண்டே போகும்; பிறகு பாளம் பாளமாக வெடிக்கும். அதற்குள் உளுந்தின் வேர் எவ்வளவு ஆழம் போய்ச் சேர்ந்தது என்பதில் அந்த வீட்டின் மகசூல் அடங்கியிருக்கிறது.

கணக்காகவே பார்ப்போம். பயிர் எடுத்துக்கொள்ளக் கூடிய நீர் ஒவ்வொரு 10 செ.மீ. ஆழ மண்ணிலும் 15 மி.மீ. அளவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மழையை மி.மீ. கணக்கில் சொல்கிறோமே, அதே அளவுதான். பயிர் ஒரு நாளைக்கு 4 மி.மீ. செலவு செய்கிறது என்போம். இந்த எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. மண்ணுக்கு மண் மாறும். வேர் 20 செ.மீ. வரை மட்டும் இருந்தால் கையிருப்பு 30 மி.மீ.; ஏழரை நாளுக்கு வரும். 40 செ.மீ. வரை இறங்கியிருந்தால் 60 மி.மீ.; பதினைந்து நாள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு வாரம். பூவும் பிஞ்சுமாக நிற்கும் செடிக்கு ஒரு வாரம் என்பது சிறு காலம் அன்று.

ஆனால் அந்த 20 செ.மீ.யைத் தாண்டுவது எளிதல்ல. நெல்லுக்காக ஆண்டுதோறும் சேற்றுழவு செய்வதால், ஏர் போகும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே மண் இறுகி ஒரு தட்டுப் போல ஆகிவிடுகிறது. நெல்லுக்கு அது நன்மை. தண்ணீர் கீழே இறங்காமல் வயலில் நிற்கும். நெல்வேரில் பெரும்பகுதியும் அந்தத் தட்டுக்கு மேலேயே, முதல் 20 செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. பின்னால் வரும் உளுந்துக்கோ அதுவே தடை. ஒரே வயல், ஒரு பயிருக்குத் துணையான அடுக்கு மற்றொன்றுக்கு இடைஞ்சல். உளுந்தின் வேர் அதைத் துளைத்ததா இல்லையா என்று சொல்ல வேண்டுமானால், அடுக்கு அடுக்காக மண்ணை எடுத்து வேரை அளந்தே ஆகவேண்டும்.

தோண்டி எடுத்தல்

பழைய முறை, பள்ளம் வெட்டுவது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஜான் வீவர் என்னும் தாவரவியலார் இருபதாம் நூற்றாண்டின் முதற் பாதியில் புல்வெளிகளில் ஆளுயரத்துக்கும் மேலான பள்ளங்களை வெட்டி, பள்ளத்தின் சுவரிலிருந்து சிறு கருவியால் மண்ணைச் சுரண்டி, வெளிப்பட்ட வேர்களை அப்படியே படமாக வரைந்தார். அப்படங்கள் இன்றும் பாடநூல்களில் இருக்கின்றன. பள்ளச் சுவரில் சதுரக் கட்டம் போட்ட கம்பிச் சட்டத்தை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வேர்முனைகள் தெரிகின்றன என்று எண்ணுவதும் உண்டு. மரங்களுக்கு இது நல்ல முறை. ஆனால் பயிர் வயலில் குழி வெட்ட எந்த உழவர் சம்மதிப்பார்?

பயிர்களுக்கு ஏற்றது குழாய் முறை. இருமுனையும் திறந்த இரும்புக் குழாய் ஒன்றை, ஒரு முனையைக் கூர்மையாக்கி, மண்ணில் அடித்து இறக்கி, உள்ளே சிக்கிய மண்ணை 10 செ.மீ. துண்டுகளாக எடுக்கிறோம். குழாயின் உள்விட்டம் 7 செ.மீ. என்றால் குறுக்குப் பரப்பு 22/7 × 3.5 × 3.5 = 38.5 சதுர செ.மீ. 10 செ.மீ. துண்டின் பருமன் 385 கன செ.மீ. இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

அடுத்து, துண்டை ஒரு வாளி நீரில் இரவு முழுவதும் ஊறவைத்துக் கழுவ வேண்டும். மணல் என்றால் ஐந்து நிமிட வேலை. சிதம்பரத்துக் களிமண் என்றால் பொறுமை வேண்டும். கல்லூரிச் சோதனைச்சாலையில் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் என்னும் உப்பைச் சிறிது கரைப்போம். அது களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரிக்கும். பள்ளியில் வெறும் நீரையே இரண்டு மூன்று முறை மாற்றிக் கழுவினாலும் போதும். கலக்கிய நீரை நுண்ணிய சல்லடையில் ஊற்றினால் வேர் தங்கும். மாவு சலிக்கும் சல்லடையை அம்மாவிடம் கேட்பதற்கு முன், அது திரும்பி வரும்போது எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

சல்லடையில் தங்குவதெல்லாம் நாம் தேடும் வேர் அன்று. முந்திய பயிரின் செத்த வேர், வைக்கோல் துண்டு, களை வேர் எல்லாம் கலந்திருக்கும். உயிருள்ள வேர் வெண்மையாகவோ இளம் பழுப்பாகவோ இருக்கும். இழுத்தால் சற்று நீளும். செத்த வேர் கருத்து, பட்டென்று முறியும். இதைப் பிரிப்பதுதான் இம்முறையில் மிகக் கடினமான பகுதி என்பது என் கருத்து. கருவி எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும் இங்கே கண்ணும் கையும்தான் தீர்ப்பு.

எடையா, நீளமா?

பிரித்த வேரை 60 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு நாள் உலர்த்தி எடை போடுவது வழக்கம். எடை எளிது. ஆனால் எடை நம்மை ஏமாற்றவும் கூடும். 2 மி.மீ. விட்டமுள்ள ஒரு வேர் ஒரு மீட்டர் நீளம் இருக்கிறது. 0.2 மி.மீ. விட்டமுள்ள நுண்வேர் அதே எடைக்கு எவ்வளவு நீளம் வரும்? விட்டம் பத்தில் ஒன்று. குறுக்குப் பரப்பு நூறில் ஒன்று. ஆகவே நீளம் 100 மீட்டர். தராசுக்கு இரண்டும் ஒன்றே. நீர் உறிஞ்சுவதில் இரண்டும் ஒன்றாகுமா?

எனவே நீளம் வேண்டும். நூற்றுக்கணக்கான வளைந்த இழைகளை ஒவ்வொன்றாக நீட்டி அளவுகோல் வைத்து அளப்பது ஆகிற காரியமா? இங்கேதான் பிரெஞ்சு அறிஞர் புஃபோன் உதவிக்கு வருகிறார். சம இடைவெளியில் கோடுகள் போட்ட தரையில் ஓர் ஊசியை எறிந்தால் அது ஒரு கோட்டை வெட்டுவதற்கான நிகழ்தகவு என்ன என்ற கணக்கை அவர் 1777-இல் வெளியிட்டார். விடையில் வட்டத்தின் ‘பை’ வந்து நிற்கிறது! வட்டமே இல்லாத இடத்தில் பை எப்படி வந்தது?

பார்ப்போம். கோடுகளின் இடைவெளி 1 செ.மீ. வேரின் ஒரு சிறு துணுக்கு கோட்டோடு ஏதோ ஒரு கோணத்தில் விழுகிறது. கோட்டுக்குச் செங்குத்தான திசையில் அது அடைக்கும் அகலம், துணுக்கின் நீளத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் வருவது. அந்த அகலம் எவ்வளவோ, கோட்டை வெட்டும் வாய்ப்பும் அவ்வளவே. துணுக்குகள் எல்லாக் கோணங்களிலும் விழுவதால் சைனின் சராசரி நமக்கு வேண்டும். மடக்கை அட்டவணைப் புத்தகத்தை எடுங்கள். சைன் 5, 15, 25 என்று 85 பாகை வரை ஒன்பது மதிப்புகளைக் கூட்டினால் 5.7369 வரும். ஒன்பதால் வகுத்தால் 0.637. இரண்டைப் பையால் வகுத்துப் பாருங்கள், அதுவும் 0.637. கோணம் சுற்றி வருகிறது என்பதால்தான் வட்டத்தின் எண் வந்தது.

ஆக, மொத்த நீளம் எத்தனை செ.மீ.யோ, அதன் 2/பை மடங்கு வெட்டுகள் ஒரு திசைக் கோடுகளில் கிடைக்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இருந்தால் இரட்டிப்பு, அதாவது 4/பை மடங்கு. திருப்பி எழுதினால்:

வேரின் நீளம் = 11/14 × வெட்டுகளின் எண்ணிக்கை × கட்டத்தின் பக்கம்

பையின் நாலில் ஒரு பங்கு, 22/7 என்று கொண்டால், 11/14 தானே? வேரின் நீளத்தைக் கோடுகளின் வெட்டுகளால் காணும் இம்முறையை நியூமன் என்பவர் 1966-இல் கூறினார்; டெனன்ட் என்பவர் 1975-இல் இதைச் சதுரக் கட்டத்துக்கு ஏற்றபடி எளிதாக்கினார்.

செய்வது சுலபம். வரைபடத்தாளின் மேல் ஒரு கண்ணாடித் தட்டை வைத்து, சிறிது நீர் ஊற்றி, வேர்களைத் துண்டாக்கிப் பரப்புங்கள். ஒன்றன் மேல் ஒன்று குவியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1 செ.மீ. தடித்த கோடுகளை மட்டும் கொண்டு வெட்டுகளை எண்ணுங்கள். 490 வெட்டுகள் கிடைத்தன என்று வைத்துக்கொண்டால், நீளம் 11/14 × 490 × 1 = 385 செ.மீ. நமது மண் துண்டு 385 கன செ.மீ. ஆயிற்றே! ஆகவே ஒரு கன செ.மீ. மண்ணுக்கு 1 செ.மீ. வேர். இதை வேர் நீள அடர்த்தி என்பர்.

இந்தச் சூத்திரத்தை நம்பாதவர்கள் நூல்கண்டு எடுத்து 2 மீட்டர் அளந்து வெட்டி, அதைச் சிறு துண்டுகளாக்கித் தாளில் தூவி எண்ணிப் பார்க்கலாம். 255-க்கு அருகில் வரவேண்டும். நம்புகிறவர்களும் செய்து பார்ப்பது நல்லது.

சரி, அடர்த்தி 1 என்றால் என்ன பொருள்? ஒவ்வொரு செ.மீ. வேரும் தன்னைச் சுற்றி ஒரு கன செ.மீ. மண்ணுக்கு உரிமையுள்ளது. அந்த மண்ணை வேரைச் சுற்றிய உருளையாகக் கொண்டால் அதன் ஆரம் 0.56 செ.மீ. நீர்த்துளி வேரை அடைய அரை செ.மீ.க்குச் சற்று அதிகமாக நடந்தால் போதும். அடர்த்தி 0.1 ஆனால் ஆரம் 1.78 செ.மீ. நீரும் அதில் கரைந்த நைட்ரேட்டும் இத்தொலைவைக் கடந்துவிடும். பாஸ்பேட் அப்படியன்று; அது மண்துகளோடு ஒட்டிக்கொண்டு மில்லிமீட்டர் கணக்கில்தான் நகரும். வேர் அடர்த்தி குறைந்த அடுக்கில் பாஸ்பேட் நிறைய இருந்தாலும் பயிருக்கு எட்டாத கனியே.

வேரின் நீளத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு புகழ்பெற்ற எண்ணைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1937-இல் டிட்மர் என்னும் அமெரிக்கர், ஒரு பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை செடியின் வேர்கள் மொத்தம் 623 கி.மீ. நீளம் என்று கணக்கிட்டார். பெட்டியின் அளவு 12 அங்குலம், 12 அங்குலம், 22 அங்குலம். நாம் கற்ற அளவால் இதைச் சோதிப்போமே. பெட்டியின் பருமன் ஏறத்தாழ 52,000 கன செ.மீ.; 623 கி.மீ. என்பது 6 கோடியே 23 லட்சம் செ.மீ. வகுத்தால் அடர்த்தி 1,000-க்கும் மேல்! வயலில் தானியப் பயிர்களின் மேலடுக்கில் சாதாரணமாகக் காண்பது சில செ.மீ. முதல் பத்து இருபது செ.மீ. வரைதான். இத்தனை கோடி வேர்த்துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்திருக்க முடியாது. மாதிரியை எண்ணிப் பெருக்கியே இந்த எண்ணை அடைய முடியும். பெருக்கும்போது சிறு பிழையும் பெரிதாகும். புத்தகத்தில் வந்துவிட்டது என்பதற்காக ஓர் எண்ணை அப்படியே விழுங்கிவிடக் கூடாது.

நம் எண்ணுக்கும் பிழை உண்டு. 490 வெட்டுகளின் வர்க்கமூலம் சுமார் 22. அதாவது எண்ணிக்கையிலேயே நூற்றுக்கு நாலரை அளவு ஏறி இறங்கலாம். இது சிறிது. பெரிய பிழை வேறிடத்தில் இருக்கிறது. குழாயைத் தூருக்கு அடியில் இறக்கினால் ஓர் எண், இரு தூர்களுக்கு நடுவில் இறக்கினால் வேறோர் எண். ஒரே துண்டை நாலு முறை எண்ணுவதைவிட நாலு இடங்களில் துண்டு எடுப்பது மேல்.

ஓர் எண்ணில் அடங்கும் ஆழம்

நான்கு அடுக்குகளில் வேரை எடை போட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 என்றால், முதல் 10 செ.மீ.யில் 64, அடுத்ததில் 24, மூன்றாவதில் 8, நான்காவதில் 4. (இவை பயிற்சிக்கான எண்கள்.) இதையே மாற்றிப் படியுங்கள்: 10 செ.மீ.க்குக் கீழே மிச்சம் 36. 20-க்குக் கீழே 12. 30-க்குக் கீழே 4. ஒவ்வோர் அடுக்கிலும் மிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. இப்படிக் குறைவதை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? கதிரியக்கச் சிதைவில். அங்கே நேரம்; இங்கே ஆழம்.

ஒவ்வொரு செ.மீ. இறங்கும்போதும் மிச்சம் ‘த’ என்னும் விகிதத்தால் பெருக்கப்படுகிறது என்று கொண்டால், மேலிருந்து ‘ஆ’ செ.மீ. வரை உள்ள பங்கு:

பங்கு = 1 − (த-வின் ஆ-ஆம் படி)

1987-இல் கேல், கிரிகல் என்ற இருவர் காட்டு மரங்களின் வேர்களுக்கு இச்சூத்திரத்தைப் பயன்படுத்தினர். விகிதத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பீட்டா. நம் எண்களுக்குத் ‘த’-வைக் காண மடக்கை போதும். 0.36-இன் மடக்கையைப் பத்தால் வகுத்து எதிர்மடக்கை கண்டால் 0.903. 0.12-இன் மடக்கையை 20-ஆல் வகுத்தால் 0.899. 0.04-இன் மடக்கையை 30-ஆல் வகுத்தால் 0.898. மூன்றும் 0.90-ஐச் சுற்றி நிற்கின்றன. ஆகவே சூத்திரம் பொருந்துகிறது. கதிரியக்கத்தில் அரை ஆயுட்காலம் போல, இங்கே ‘அரை ஆழம்’ ஒன்றைச் சொல்லலாம்: வேரில் பாதி எந்த ஆழத்துக்குள் இருக்கிறதோ அது. 0.90-க்கு அது 6.6 செ.மீ. குழாயை 40 செ.மீ.யோடு நிறுத்திவிட்டோமே, அதற்குக் கீழே வேர் இருந்தால்? இதே விகிதத்தில் போனால் நூற்றில் ஒன்றரைப் பங்குதான் விட்டுப்போயிருக்கும்.

1996-இல் ஜாக்சனும் அவருடைய கூட்டாளிகளும் உலகெங்கும் வெளியான சுமார் 250 வேர் ஆய்வுகளைத் தொகுத்து இந்த விகிதத்தைக் கணக்கிட்டனர். வடதுருவத்தை அடுத்த தண்டராவில் அது 0.914; அங்கே அடிமண் உறைந்து கிடப்பதால் வேர் மேலேயே நின்றுவிடுகிறது. பாலைவனத்தில் 0.975, வேரில் பாதிதான் முதல் 30 செ.மீ.யில் இருக்கிறது. பயிர்நிலங்களுக்கு 0.961. உலகச் சராசரி 0.966, அதன் அரை ஆழம் 20 செ.மீ. என்பதை நீங்களே மடக்கை போட்டுச் சரிபார்க்கலாம். உலகத் தாவரங்களின் வேரில் பாதி ஒரு சாண் ஆழத்துக்குள் இருக்கிறது!

இதற்காக ஆழ வேரே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு திறந்த சுரங்கத்தில், நம் சீமைக் கருவேலத்தின் இனத்தைச் சேர்ந்த மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டதாக 1963-இல் எழுதினார்கள். நூற்றில் ஒரு பங்கு வேரும் கோடையில் உயிர் காக்கும். சூத்திரம் காட்டுவது வேரின் பரவல். அந்த வேரின் முக்கியத்துவத்தை அன்று.

சூத்திரம் எங்கே உடையும் என்பதும் தெரியவேண்டும். வயலில் இறுகிய தட்டு இருந்தால் விகிதம் அந்த ஆழத்தில் சட்டென மாறும். ஒரே ‘த’ போதாது. பிச்சாவரத்துக்குப் போனால் கதை வேறு. அங்கே ரைசோபோரா மரங்கள் தாங்குவேர்களை நீருக்கு மேலிருந்தே இறக்குகின்றன. அவிசென்னியா மரங்களோ மூச்சுவேர்களைச் சேற்றிலிருந்து மேல் நோக்கி நிமிர்த்துகின்றன. வேர் மேல்நோக்கி வளரும் இடத்தில் ஆழத்தை எங்கிருந்து அளப்பது?

தோண்டாமல் அறிய

வேர் இருக்கிறது என்பதும் வேலை செய்கிறது என்பதும் ஒன்றல்ல. எந்த ஆழத்து வேர் உறிஞ்சுகிறது என்று அறியக் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 பயன்படுகிறது. மரத்தைச் சுற்றிக் குறித்த தொலைவிலும் ஆழத்திலும் துளையிட்டு அதைச் செலுத்துவார்கள். ஒரு மரத்துக்கு ஓர் ஆழம், இன்னொரு மரத்துக்கு வேறோர் ஆழம். சில நாள் கழித்து இலைகளைப் பறித்துக் கதிரியக்கத்தை எண்ணினால், எங்கே வைத்தது மேலே ஏறியிருக்கிறது என்பது தெரியும். அதன் அரை ஆயுட்காலம் 14.3 நாளே ஆதலால் சில மாதங்களில் மண்ணில் சுவடின்றி மறைந்துவிடும். கேரளத்தில் தென்னையிலும் முந்திரியிலும் இவ்வாறு ஆராய்ந்தனர். முந்திரியில் உறிஞ்சும் வேர்களின் வேலை பெரும்பாலும் மேல் மண்ணில், அடிமரத்திலிருந்து 2 மீட்டருக்குள்ளேயே நடக்கிறது என்று கண்டனர். உரத்தை எங்கே இடுவது என்ற கேள்விக்கு இது நேரான விடை.

மற்றொன்று நியூட்ரான் முறை. மண்ணில் ஒரு குழாயைப் பதித்து, அதற்குள் வேக நியூட்ரான்களை வெளிவிடும் மூலத்தை இறக்குவார்கள். கேரம் காய் தன் எடையுள்ள இன்னொரு காயில் நேராக மோதினால் நின்றுவிடுகிறதல்லவா? நியூட்ரானும் ஏறத்தாழ தன் எடையே உள்ள ஹைட்ரஜன் கருவில் மோதி வேகத்தை இழக்கிறது. மண்ணில் ஹைட்ரஜன் பெரும்பாலும் நீரில்தான். வேகம் குறைந்த நியூட்ரான்களை எண்ணினால் நீரின் அளவு தெரியும். வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வோர் ஆழத்திலும் எண்ணி வந்தால், மழையில்லாத நாளில் எந்த அடுக்கில் நீர் குறைகிறதோ அங்கே வேர் வேலை செய்கிறது என்று பொருள். மேல் பத்து செ.மீ.யில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அங்கே வெயிலும் நீரைத் திருடும்.

ரேடார் அலைகளைத் தரைக்குள் அனுப்பித் தடித்த வேர்களின் எதிரொலியைப் பிடிக்கும் கருவியும் இப்போது உண்டு. கடலூர்க் கடற்கரையின் உலர்ந்த மணலில் அது நன்கு வேலை செய்யும். சிதம்பரத்து ஈரக் களிமண்ணில் எடுபடாது. களிமண் மின்சாரத்தைக் கடத்துவதால் அலை சற்றுத் தூரத்திலேயே தேய்ந்துவிடும். 45 கி.மீ. இடைவெளியில் ஒரு கருவி கெட்டிக்காரனாகவும் மண்டூகமாகவும் ஆகிவிடுகிறது.

தடித்த வேர்களைப் பற்றிக் கடலூர் மாவட்டம் மறக்க முடியாத ஒரு நாள் உண்டு. 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகத்தில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் ஏராளமாகச் சாய்ந்தன. பல ஆண்டுக் காய்ப்பு ஒரே காலையில் போயிற்று. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 70 கி.மீ. காற்றைப் போல 140 கி.மீ. காற்று நான்கு மடங்கு தள்ளும். அந்த விசை மரத்தின் தலையில் விழுகிறது, அடிமரம் நெம்புகோல். எதிர்த்து நிற்பவை காற்று வரும் பக்கத்து வேர்களின் இழுவிசை, வேரோடு பிணைந்த மண்ணின் எடை, ஆழ இறங்கிய வேரின் பிடி. மழையில் ஊறிய மண்ணில் கடைசிப் பிடி தளர்ந்துவிடும். உணவு உறிஞ்சும் வேரின் பரவல் வேறு, மரத்தைத் தாங்கும் வேரின் பரவல் வேறு. முன்னதைக் குழாய் காட்டும். பின்னதைப் பள்ளமும், சாய்ந்த மரத்தின் அடியும்தான் காட்டும்.

நீங்கள் செய்ய

சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து பூக்கும் பருவத்தில், வயலுக்கு உரியவரிடம் சொல்லிவிட்டு, நான்கு பேர் கொண்ட குழுவாகச் செல்லுங்கள். குழாயைச் செடிக்கு அடியில் இரண்டு இடங்களிலும், செடிகளுக்கு நடுவில் இரண்டு இடங்களிலும் இறக்குங்கள். 0–10, 10–20, 20–30, 30–40 செ.மீ. துண்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டு, பைக்குள் பென்சிலால் எழுதிய சீட்டை வையுங்கள், மை கரைந்துவிடும். குழியை மண்ணால் மூடிவிட்டு வாருங்கள். நெல்லின் பழைய சல்லிவேரையும் உளுந்தின் வேரையும் பிரிக்க, உளுந்துச் செடி ஒன்றைத் தனியே கழுவி, அதன் வேர் முடிச்சுகளையும் கிளைக்கும் விதத்தையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் வெட்டுகளை எண்ணி, நீள அடர்த்தி கண்டு, 10, 20, 30 செ.மீ.க்குக் கீழே உள்ள மிச்சப் பங்குகளிலிருந்து ‘த’-வைத் தனித்தனியே கணக்கிடுங்கள். மூன்று மதிப்புகளும் நெருங்கி இருந்தால் வேர் தடையின்றி இறங்கியிருக்கிறது. 20 செ.மீ.க்குரிய ‘த’ மட்டும் மற்ற இரண்டையும்விடத் தெளிவாகக் குறைந்து நின்றால், குழாயை அடிக்கும்போது அந்த ஆழத்தில் சுத்தியலுக்கு எத்தனை அடி கூடுதலாகத் தேவைப்பட்டது என்பதையும் குறிப்பேட்டில் தேடிப் பாருங்கள். ஆகவே அடிகளை எண்ணி எழுத ஒருவரை முதலிலேயே நியமித்துக்கொள்ள வேண்டும்.